தயிர் பூசிய கல்

மே 3, வெள்ளி

இரவுச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: நான், என் மருமகள் ஹெலன், ஹெலனின் தாயார் டோரத்தி அம்மாள். ஜன்னல் பலகையில் என் மகன் செல்வின். பச்சை நிற அட்டைக் குழல் ஒன்றில் சாம்பலாக இருக்கிறான். பக்கத்தில் ஒரு பூச்சாடி. வேறு யாரும் இல்லை.

கர்த்தருடைய கிருபையால் சுகமாக வந்து சேர்ந்தேன். விமான நிலையத்திலிருந்து ஹெலனே கார் ஓட்டி வந்தாள். வழியெல்லாம் பச்சை வயல், ஆட்டுக்குட்டிகள். இங்கிலீஷ்காரர் கிராமம், பெயர் ஆல்டர்கோம். வீடுகளெல்லாம் நாட்டு வெல்லத்தின் நிறத்தில் கல்லால் கட்டியவை. காரை விட்டு இறங்கியதும் "வாங்க அத்தை, உள்ள இருங்க" என்றாள். செல்வினிடம் கற்றுக்கொண்ட தமிழ். அவன் பேச்சு அப்படியே இருந்தது. நான் செருப்பைக் கழற்றுவதுபோல் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றேன்.

சாப்பிடும்போது ஹெலன் சொன்னாள்: பன்னிரண்டாம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இங்குள்ள கோயில் தோட்டத்தில் செல்வினை அடக்கம் செய்கிறோம், நீங்கள் வந்தது எனக்குப் பெரிய பலம், இந்த இரண்டு வருஷமும் இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று. நான் சூப் நன்றாக இருக்கிறது என்றேன்.

பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கினேன். அடியில் இருப்பதை எடுக்கவில்லை. திருகு மூடி போட்ட எவர்சில்வர் சம்புடம். என் வீட்டுக்காரர் அருமைநாயகம் அவர்கள் தூத்துக்குடி பாத்திரக்கடையில் வாங்கி, மூடியில் அ. செல்வின் என்று பெயர் வெட்டிக் கொண்டுவந்தார்கள். கல்யாணச் சீருக்குப் பெயர் வெட்டுவதுபோல வெட்டியிருக்கிறது. கிளம்பும்போது வாசலில் அவர்கள் சொன்னது ஒன்றுதான்.

"அவனக் கையோட கூட்டிட்டு வந்துரு. வேற ஒண்ணும் அங்க பேச வேண்டாம்."

செல்வின் ஹெலனைக் கட்டி ஒன்பது வருஷம். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் அவனோடு பேசியதில்லை. அவன் இருந்தபோது பேசாதவர்கள் இப்போது கூட்டிவரச் சொல்கிறார்கள். அதற்கும் ஒரு காரணம் இருக்கும். ஜெபம் செய்து படுத்தேன்.

மே 4, சனி

காலையில் ஹெலன் ஊரைச் சுற்றிக் காட்டினாள். ஊர் என்றால் ஒரு தெரு, ஒரு சின்ன ஆறு, கல்பாலம், நடுவில் பழைய சந்தைக் கூடம், மேட்டில் கோயில். எல்லாம் ஐந்நூறு அறுநூறு வருஷத்துக் கட்டடமாம். கூரையில் ஓட்டுக்குப் பதிலாகக் கல் பலகை. கதவுக்கு எந்த வண்ணம் அடிக்கலாம் என்பதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டும். டோரத்தி அம்மாள் வீட்டு ஜன்னல் சட்டம் உளுத்துப்போய்விட்டது. மாற்றுவதற்கு மனுப் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. பழையது பழையதாகவே இருக்க வேண்டும் என்பதில் இவர்களுக்கு அப்படி ஒரு வைராக்கியம்.

பேருந்துகளில் ஆட்கள் வந்து இறங்கி வீடுகளைப் படம் எடுக்கிறார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். இங்கே மனிதர்கள் குடியிருக்கிறோம், தயவுசெய்து எட்டிப் பார்க்காதீர்கள் என்று டோரத்தி அம்மாள் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான் வேலியோரம் சேலையை உலர்த்தப் போனபோது ஒரு கணவனும் மனைவியும் என்னைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். ஹெலன் சிரித்துவிட்டாள்.

"அத்தை, இனிமே நீங்களும் இந்த ஊர்ப் பழம்பொருள்தான்."

தேநீரும் ரொட்டியும் அவள் செலவு. எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்தேன். நம் பணத்தில் மாற்றிப் பார்க்கவில்லை.

பிறகு கோயில் தோட்டம். எழுதவே மனம் கூசுகிறது. கல்லறைக் கற்கள் ஒன்றும் நேராக இல்லை. பல் விழுந்த வாய்போல முன்னும் பின்னும் சாய்ந்து கிடக்கின்றன. பாசி, மஞ்சளும் சாம்பலுமாகப் படை படையாகப் படர்ந்த திட்டு, முழங்கால் வரை புல். பெயரை வாசிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் வாரம் தேங்காய் நாரும் சுண்ணாம்பு வாளியும் கொண்டு குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். சுண்ணாம்பு அடிக்காத கல்லறை இருந்தால் அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சபையில் பேச்சு வந்துவிடும்.

ஹெலனின் தகப்பனார் கிரிஃபித் அவர்களின் கல்லிலும் பச்சையும் மஞ்சளும். அதை ஒட்டி நான்கு முளையடித்துக் கயிறு கட்டியிருந்தது. செல்வினுக்கான இடம் என்றாள்.

மாலையில் சுகிர்தா போன் செய்தாள். என் இளைய மகள், அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவள்.

"எம்மா, சொல்லியாச்சான்னு அப்பா கேக்காவ."

இன்னும் இல்லை, நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பின்னால் அவர்கள் இருமும் சத்தம் கேட்டது. போனை வாங்கவில்லை.

மே 5, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். வெள்ளைச் சேலை கட்டினேன். பெரிய கோயில், உள்ளே பத்துப் பதினைந்து பேர். எல்லாரும் நரைத்த தலை. குருவானவர் ஒரு அம்மாள், ஜூடித் என்று பெயர். நற்கருணை எடுத்தேன். முழங்கால் போடும் மெத்தை ஒவ்வொன்றிலும் இந்த ஊர்ப் பெண்கள் பூத்தையல் போட்டிருக்கிறார்கள். டோரத்தி அம்மாள் தைத்தது ஒன்றும் உண்டு. கோயிலை இவ்வளவு அழகாக வைத்திருக்கிறவர்கள் வெளியே கிடக்கிற மரித்தவர்களை ஏன் இப்படி விட்டுவிட்டார்கள்? வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு.

ஹெலனிடம் சொல்ல நினைத்தேன். அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு யார் யார் வருவார்கள் என்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

மே 6, திங்கள்

இங்கே விடுமுறை. ஊர் முழுக்கக் கார். ஹெலனும் டோரத்தி அம்மாளும் காலையில் கடைக்குப் போனார்கள். நான் தலை வலிக்கிறது என்றேன்.

சமையலறைத் தொட்டிக்கு அடியில் வாளி, பிரஷ், கம்பி நார், பிளீச் எல்லாம் இருந்தன. எடுத்துக்கொண்டு கோயில் தோட்டத்துக்குப் போனேன். சம்பந்தி வீட்டுக் கல்லறையைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டால், அதற்கப்புறம் என் பிள்ளையைத் தா என்று கேட்க எனக்கும் முகம் இருக்கும். அப்படித்தான் நினைத்தேன்.

கிரிஃபித் அவர்களின் கல்லை முதலில் தேய்த்தேன். அழுக்கு பச்சையாக ஓடியது. எழுத்து வெளியே வந்தது. கை பழகியதும் பக்கத்தில் இருந்த ஒரு பழைய கல்லையும் விடவில்லை. இருநூறு வருஷம் இருக்கும். அதில் ஒரு சில்லு பெயர்ந்தது. பழைய கல்தானே. சில்லை எடுத்துப் புதருக்குள் போட்டேன்.

இரண்டு கல்லும் பளிச்சென்று நின்றன. படம் எடுக்க வந்த ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். நான் தலையாட்டினேன், அவர் ஆட்டவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மகன் போன பிறகு நானாகப் பாடியது இன்றுதான்.

அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. தாமாகப் பார்க்கட்டும் என்று இருக்கிறேன்.

மே 7, செவ்வாய்

பார்த்துவிட்டார்கள்.

காலையில் கிளைவ் என்ற சபைப் பொறுப்பாளர் வந்தார். நெடிய ஆள், கையில் தடி. வாசலிலேயே நின்று டோரத்தி அம்மாளிடம் தணிந்த குரலில் பேசினார். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இருநூறு வருசமா பனியும் மழையும் அந்தக் கல்லோட மல்லுக்கட்டிச்சு, ஒண்ணும் நடக்கல. நீங்க ஒரே காலைல முடிச்சுட்டீங்க அம்மா."

அவர் சொல்லச் சொல்ல ஹெலன் எனக்கு நிதானமாக விளக்கினாள். அந்தக் கல்லில் படர்ந்திருந்தது அழுக்கு இல்லையாம். கல்லில் வாழ்கிற ஒரு வகைத் தாவரம் போன்றதாம். ஒரு ரூபாய் அகலம் படர ஐம்பது அறுபது வருஷம் ஆகுமாம். அதைப் பார்ப்பதற்கென்றே படித்தவர்கள் வருகிறார்களாம். கம்பி நார் பட்டதில் இளகிய கல்லின் மேல்தோல் பக்குபோலப் பெயர்ந்து, அதில் இருந்த பெயரும் போய்விட்டது. ஒரு பெண்ணின் பெயர். கோயில் பதிவில் இருக்கிறது, கல்லில் இனி இருக்காது.

சில்லைப் போட்ட புதரைக் காட்டினேன். கிளைவ் தடியை ஊன்றிக் குனிந்து பொறுக்கி, கைக்குட்டையில் கட்டிக்கொண்டார். சபைக் கமிட்டி கூடிப் பேச வேண்டும், அதுவரை ஞாயிற்றுக்கிழமை அடக்கத்தைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொல்லிப் போனார்.

அடக்கம் நின்றுபோனால் செல்வினை நான் கொண்டுபோக யாரிடமும் வாய் திறந்து கேட்கவே வேண்டாம். இது என் மனதில் வந்தது. சந்தோஷம் வரவில்லை. ஹெலன் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டோரத்தி அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் போய் நின்று, மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர்கள் நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார்கள்:

"ஒவ்வொரு வசந்தத்துக்கும் என் வீட்டுக்காரர் கல்லுல தயிர் பூசுவேன். பதினாலு வருசமா."

எதற்கு என்று கேட்டேன். தயிர் பூசினால் அந்தப் பாசி சீக்கிரம் பிடிக்குமாம். கிரிஃபித் அவர்கள் இந்த ஊர்க்காரர் இல்லை. எங்கோ நிலக்கரி தோண்டுகிற ஊரிலிருந்து வந்தவர். நாற்பது வருஷம் இந்தத் தெருவில் இருந்தும் கடைசிவரை ஊராருக்கு அவர் வெளியூர்க்காரர்தான். செத்த பிறகு பழைய கற்களுக்கு நடுவே அவர் கல் மட்டும் புதிதாக, நேற்று வந்த விருந்தாளிபோல நின்றதாம். டோரத்தி அம்மாளால் பொறுக்க முடியவில்லையாம்.

"இப்பத்தான் அவரு மத்தவங்கள மாதிரி ஆகிட்டு வந்தாரு."

நான் பாராமுகம் என்று நினைத்ததை இந்த அம்மாள் கிண்ணமும் தூரிகையுமாக வளர்த்திருக்கிறார்கள்.

மே 8, புதன்

சமைத்தேன். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மே 9, வியாழன், பரமேறுதல் திருநாள்

காலையில் வேதம் வாசித்து ஜெபித்தேன். பிறகு பெட்டியின் அடியிலிருந்து சம்புடத்தை எடுத்துச் சமையலறை மேசையில் ஹெலன் முன்னால் வைத்தேன். மாமா இதைக் கொடுத்துவிட்டார்கள், நான் அடக்கத்துக்காக வரவில்லை என்றேன்.

அவள் மூடியில் வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவினாள். தமிழில் அவளுக்கு வாசிக்கத் தெரிந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். எனக்குத் தெரியும் அத்தை என்றாள். எப்படி என்று கேட்டேன். நோயாகக் கிடந்தபோது செல்வினே சொல்லியிருக்கிறான். அவன் சொன்ன வார்த்தையிலேயே, அவன் இழுக்கிற மாதிரியே, தமிழில் சொன்னாள்:

"அப்பா கேட்டா குடுத்துரு. ஆனா அவிய வாயால கேக்கணும்."

மனப்பாடமாக வைத்திருக்கிறாள். அர்த்தம் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரிந்திருந்தது. நீங்கள் கேட்டால் கொடுக்க மாட்டேன் அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள், அவன் உங்களைச் சொல்லவில்லை, மாமா கேட்கட்டும், அந்த நிமிஷமே என் கையால் கொடுக்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். அவன் சாம்பலைப் பங்கு போட மாட்டேன் என்றும் சொன்னாள்.

பிறகு இன்னொன்று சொன்னாள். அவன் இறந்த வாரம் முழுக்க நம் வீட்டுக்குப் போன் செய்தாளாம். புதைப்பதா, எரிப்பதா, பெட்டியில் அனுப்புவதா, உங்கள் முறை என்ன என்று கேட்பதற்கு. மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். ஒருவரும் எடுக்காததால் ஆஸ்பத்திரியில் சொன்னபடி செய்துவிட்டாளாம்.

மழையில் லைன் கெட்டுப்போயிருந்தது என்றேன். அவன் இறந்த மாசி மாதத்தில் எங்கள் ஊரில் என்ன மழை என்று அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் சுகிர்தாவுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லி, அப்பாவிடம் கொடு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்ப வந்தாள்.

"எம்மா, போன நீட்டுனா எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிட்டாவ. அண்ணன் இறந்த வாரமும் இப்படித்தான. அப்பவும் எடுக்கல, இப்பவும் எடுக்கல."

சரி, நீ சாப்பிட்டுப் படு என்றேன்.

இரண்டு குப்பி பால் வாங்கிக் காய்ச்சி உறை குத்தினேன். இந்தக் குளிரில் எங்கே தோயப்போகிறது என்று சந்தேகம். டோரத்தி அம்மாள் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியைத் திறந்து, துண்டுகளுக்கு நடுவில் பாத்திரத்தை வைக்கச் சொன்னார்கள்.

மே 10, வெள்ளி

தயிர் கட்டியாகத் தோய்ந்திருந்தது. டோரத்தி அம்மாள் ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்து, கடையில் வாங்குவதைவிட நன்றாக இருக்கிறதே, இதைப் போய்க் கல்லுக்கா கொடுப்பது என்றார்கள். இருவரும் கோயில் தோட்டத்துக்குப் போனோம். கிரிஃபித் அவர்களின் கல்லில் அவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பூசினோம். மற்ற கற்கள் பக்கம் நான் போகவில்லை.

"உயிரோட இருக்கையில இந்த மனுசனுக்குத் தயிர்னாலே ஆகாது" என்றார்கள். நான் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது முளையடித்த இடத்தைக் காட்டிச் சொன்னார்கள்: செல்வின் இங்கே வந்தால் அவன் கல்லுக்கும் பூசுவேன், எனக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் ஆரம்பித்தாவது வைப்பேன் என்று. நான் அந்தப் புல்லின் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தேன். ஈரமாக இருந்தது.

மத்தியானம் ஜூடித் அம்மாள் வந்தார்கள். கமிட்டி கூடியதாம். கிளைவ்தான் எனக்காகப் பேசினாராம். இந்தத் தோட்டத்தில் அக்கறையோடு ஒருவர் முழங்கால் மடக்கிக் கல் தேய்த்துப் பார்த்து வெகு காலம் ஆகிறது, தேய்த்தது தப்பென்றாலும் என்றாராம். பெயர் போன கல் அப்படியே நிற்கும். திரும்ப வெட்ட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அடக்கத்துக்குத் தடை இல்லை. ஆனால் ஒரு தடவை மண்ணுக்குள் வைத்துவிட்டால் இந்தச் சபைச் சட்டப்படி திரும்ப எடுப்பது நடக்காத காரியம், குடும்பத்தில் எல்லாருக்கும் சம்மதம்தானா என்று கேட்டார்கள். ஹெலன் என்னைப் பார்த்தாள். நாளை இரவு சொல்கிறோம் என்றேன்.

செல்வின் அப்பா, இனி எழுதுவது உங்களுக்கு. இந்தப் பக்கத்தைப் படம் எடுத்துச் சுகிர்தாவுக்கு அனுப்பச் சொல்கிறேன். அவள் வாசித்துக் காட்டுவாள். நடுவில் எழுந்து போகாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லி அனுப்பியதை நான் செய்யவில்லை. நம் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவனை எரித்துவிட்டார்கள் என்று இரண்டு வருஷமாக நீங்கள் சொல்லிவருகிறீர்கள். அந்தப் பிள்ளை ஹெலன் நம்மைக் கேட்காமல் செய்யவில்லை. அதற்கு மேல் இதில் எழுத மாட்டேன்.

உங்களுக்குப் பக்கத்தில் அவனுக்கென்று நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டால் ஹெலன் கொடுத்துவிடுவாள், நானும் கொண்டுவந்துவிடுவேன். இங்கேயே இருக்கட்டும் என்றால் இங்கே அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். நம்மைப்போலப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் பார்த்துக்கொள்வார்கள். என் மனதில் எது என்று நீங்கள் கேட்டால் சொல்வேன். இதுவரை கேட்கவில்லை.

உங்களுக்காக நான் கேட்கப்போவதில்லை. சுகிர்தா நம்பரைப் போட்டுத் தருவாள். ஹெலன் எடுப்பாள். எடுத்ததும் மாமா என்று கூப்பிடுவாள். பயப்பட வேண்டாம், அவளுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். கொடு என்றோ இருக்கட்டும் என்றோ உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அடக்கம் ஞாயிறு காலை. நாளை இரவுக்குள் பதில் சொல்லுங்கள்.